சோலர் வாங்கும் முன்: கூரை யாருடையது?



கொஞ்ச நாளாக சம்பளம் போட்ட அடுத்த நாள் நம் தோட்டங்களுக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். கையில் கலர் நோட்டீஸ், கழுத்தில் அடையாள அட்டை. "இனி கரண்ட் பில்லே இல்லை. உங்கள் கூரையே உங்களுக்கு மாதாமாதம் சம்பளம் தரும்" என்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் நுண்கடன்காரர்கள் ஏறி வந்த அதே படிக்கட்டில்தான் இவர்களும் வருகிறார்கள். அதற்காக இவர்களும் அவர்களும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். சோலர் நல்ல சாமான். ஆனால் நல்ல சாமானும் தப்பான இடத்தில் வைத்தால் கடனாகத்தான் முடியும்.

எங்கள் லயத்துக்கும் ஒரு தம்பி வந்தார். அம்மா ஓய்வு பெற்று, சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்திருந்த நேரம். அது எப்படித்தான் இவர்களுக்குத் தெரிகிறதோ! 2 கிலோவாட் சோலருக்கு 4,50,000 ரூபாய் என்று விலை எழுதிக் கொடுத்தார். "டீச்சர், பாதியை அம்மா போடட்டும். மீதிக்கு உங்கள் சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளை எங்கள் காம்பராவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார வைத்துத்தான் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கரண்ட் வந்த பிறகு பில் வந்தது. 2022 ஓகஸ்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். பிறகு குறைத்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறக்கி, ஜூனில் 15 சதவீதம் ஏற்றினார்கள். இப்படி ஏறி இறங்கும் பில்லுக்குப் பயந்து யாராவது சோலரைப் பற்றி யோசித்தால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

அம்மாதான் கேட்டார்: "ஏன் புள்ள, இந்தக் கூரை நம்மளதா?"

அன்றிரவு நான் பேனாவும் கொப்பியும் எடுத்து உட்கார்ந்தேன். நான் போட்ட கணக்கை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் பில்லை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

முதலில் பில். எங்கள் வீட்டில் மாதத்துக்கு 60 யூனிட்டுக்குள்தான் போகிறது. லைட், டிவி, போன் சார்ஜ், அயன் பொக்ஸ், எப்போதாவது கேத்தல். சமையல் விறகடுப்பில். நம் லயங்களில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். 2025 ஜூன் கட்டணத்தில் எங்கள் பில் 600 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. அதில் 200 ரூபாய்க்கு மேல் நிலையான கட்டணம். சோலர் போட்டாலும் நிலையான கட்டணம் என்று ஒன்று இருக்கும். அப்படியென்றால் பில்லில் மிச்சம் பிடிக்கக் கூடியது 400 ரூபாய்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை. குறைவாகப் பாவிப்பவருக்கு யூனிட் மலிவு. கூடக்கூடப் பாவித்தால் யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே சோலர் போட்டுப் பெரிய லாபம் காண்பவர் பெரிய பில் கட்டுகிறவர்தான். எனக்குத் தெரிந்த டவுன் கடைக்காரர் ஒருவர் வீட்டில் 200 யூனிட் போகிறது. பில் 8,000 ரூபாயைத் தொடுகிறது. அவர் இதே 2 கிலோவாட்டைப் போட்டால் மாதம் 7,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வருடத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும். வீடும் அவருடையது, உறுதியும் அவர் பெயரில். அவர் போடட்டும். அவருக்கு அது நல்ல முதலீடு.

இனி நம் கணக்கு. நல்ல வெயில் விழும் இடத்தில் 1 கிலோவாட் பேனல் மாதம் 100 யூனிட் அளவுக்குத் தரும். 2 கிலோவாட்டுக்கு 200 யூனிட். எங்கள் 60 யூனிட் போக 140 யூனிட் மிஞ்சும். அதை மின்சார சபைக்கு யூனிட் 20 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2,800 ரூபாய். பில்லில் மிச்சமான 400 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 3,200. வருடத்துக்கு 38,400. போட்ட 4,50,000 ரூபாய் திரும்பி வரக் கிட்டத்தட்ட 12 வருடம்.

அது கைக்காசைப் போட்டால். முழுத் தொகையையும் 100க்கு 15 ரூபாய் வருட வட்டிக்கு வாங்கினால்? முதல் வருட வட்டி மட்டும் 67,500 ரூபாய். சோலர் தருவது 38,400. கூரையில் பேனல் வேலை செய்துகொண்டே இருக்கும், கீழே கடன் வளர்ந்துகொண்டே இருக்கும். பாதிக் கடன் என்றாலும் வட்டி 33,750. பேனல் தருவதில் பெரும் பகுதியை வட்டியே தின்றுவிடும், முதல் அப்படியே நிற்கும். அந்தத் தம்பி காட்டிய நோட்டீஸில் இந்த வரி மட்டும் இல்லை.

2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் 4,50,000 ரூபாய் என்பது 333 நாள் கொழுந்து. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அட்டைக்கடியும் மழையும் அதற்குள் அடக்கம்.

இதுவும் நல்ல வெயில் கணக்குத்தான். நம் மலையில் ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை மழையும் மூட்டமும். மேற்குச் சரிவில் இருக்கும் தோட்டங்களில் வாரக் கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. பள்ளத்தில் இருக்கும் லயத்துக்குக் காலை 9 மணிக்குத்தான் வெயில் எட்டும், பின்னேரம் 3 மணிக்கே எதிர்மலை மறைத்துவிடும். லயத்துக்கு மேலே நிற்கும் மரத்தின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் கிடைக்கும் கரண்ட் குறையும். அந்த மரத்தை வெட்ட நமக்கு அனுமதி உண்டா? கொழும்பு வெயிலுக்குப் போட்ட கணக்கை நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் அப்படியே காட்டினால் நம்பக் கூடாது.

விற்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். நெட் மீட்டரிங் என்றால் காசு கிடைக்காது. நாம் கொடுத்த யூனிட்டை நாம் எடுத்த யூனிட்டில் கழிப்பார்கள், மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகும். நெட் அக்கவுண்டிங் என்றால் மிஞ்சிய யூனிட்டுக்குக் காசு. நெட் பிளஸ் என்றால் உற்பத்தியாவது முழுவதையும் விற்பது. 60 யூனிட் வீட்டுக்கு நெட் மீட்டரிங்கில் பெரிய பலன் இல்லை. விற்றால்தான் ஏதாவது வரும். அப்படி விற்கும் விலையைப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கடந்த வருடங்களில் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். முன்பு போட்டவருக்குக் கிடைத்த விலை உங்களுக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. பெற்றரி இல்லாத சாதாரண கூரைச் சோலர், லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகல் வெயில் அடித்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற மின்சார சபை ஊழியருக்குக் கரண்ட் அடிக்காமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நம் பிரச்சினை என்ன? மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருப்பது. அதற்கு அந்த 4,50,000 ரூபாய்ச் சோலர் ஒரு பல்பைக் கூட எரிக்காது. பெற்றரியோடு வாங்கினால் விலை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சோலர் வைத்திருப்பவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டதும் நினைவிருக்கட்டும்.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூரை யாருடையது?

எங்கள் லயத்தில் 12 காம்பரா. ஒரே கூரை, ஒரே வரிசை மரம். காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனி கையில். நாம் வந்து 200 வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். ஆனால் குசினியைப் பின்னால் நான்கு அடி நீட்டுவதென்றால் இன்றும் துரையிடம் கடிதம் கொடுக்க வேண்டும். வீட்டில் வேலைக்குப் போகிறவர் இல்லை என்றால் காம்பராவைத் திருப்பிக் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. சோலர் ஒப்பந்தம் 20 வருடம். அடுத்த வருடம் இந்தக் காம்பராவில் இருப்போமா என்று எழுத்தில் உறுதி இல்லாதவர், 20 வருட ஒப்பந்தத்தில் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது? கூரைத் தகரத்தை நிர்வாகம் மாற்ற வந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது? மீட்டரும் அப்படித்தான். சொந்தப் பெயரில் மின்சார சபைக் கணக்கு இல்லாமல் சோலர் இணைப்பு கிடைக்காது. பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து லைட் போடும் வீடுகள் நம் மத்தியில் இன்னும் இருக்கின்றன.

பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு பேனல் 20 கிலோவுக்கு மேல். 2 கிலோவாட்டுக்கு நான்கு ஐந்து பேனல். இரும்புச் சட்டத்தோடு 100 கிலோவைத் தாண்டும். உளுத்துப்போன மரத்தில் ஏற்றலாமா? அஸ்பெஸ்டோஸ் சீட் என்றால் துளைபோடும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. மின்னொழுக்கால் ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்தையும் எரித்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம், எத்தனை இடத்துக்கு அரிசியும் உடுப்பும் சேர்த்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் வயரில் கரண்ட் இருக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலையில் விழும் இடி மின்னல் வேறு. சரியான எர்த் இல்லாமல் ஒருவர் மலிவாகச் செய்யும் வேலைக்கு 12 குடும்பம் விலை கொடுக்க நேரிடும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். அம்மாவின் காசு கூரைக்குப் போகவில்லை. அதை அம்மா பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் போட்டோம். அதிலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்து, சின்னப் பேனலும் பெற்றரியும் மூன்று பல்பும் உள்ள ஒரு சோலர் லைட் செட் வாங்கினோம். கூரையைத் துளைக்கத் தேவையில்லை. பகலில் முற்றத்தில் வைத்துவிட்டு இரவில் உள்ளே எடுத்துக்கொள்கிறோம். கரண்ட் போகும் இரவுகளில் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படிக்கிறார்கள், போனும் சார்ஜ் ஆகிறது. வீட்டில் மிச்சமிருந்த பழைய குண்டு பல்புகளை எல்ஈடியாக மாற்றினோம். எங்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

எல்லோருக்கும் இதே முடிவு என்று சொல்லவில்லை. தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியும் கையில் உறுதியும் உள்ளவர், கடையோ அரிசி மா அரைக்கும் மில்லோ வைத்துப் பெரிய பில் கட்டுகிறவர், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு கடனில்லாமல் கையில் உள்ளவர் தாராளமாக யோசிக்கலாம். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதவர் முதலில் உறுதியைக் கேட்கட்டும். யோசிக்கிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

12 மாத பில்லைப் பார்த்து நம் வீட்டுக்கென்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்களா? மின்சார சபையின் அனுமதியை எடுப்பது யார், கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பி வருமா? பேனலுக்கு 25 வருடம் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். இன்வேர்ட்டருக்கு எத்தனை வருடம்? அது அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரும் சாமான். பழுதானால் மலைக்கு ஏறி வருவது யார், எத்தனை நாளில்? கடன் என்றால் மாதத் தவணை எவ்வளவு, மொத்தமாகக் கட்டி முடிப்பது எவ்வளவு? ஒப்பந்தம் தமிழில் உண்டா? இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். பேப்பரைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ காட்டுங்கள். பாடசாலைக்கு என்னிடம் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். நகையை அடகு வைத்து மட்டும் யாரும் சோலர் வாங்க வேண்டாம்.

இது ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தீர்க்கக்கூடிய விஷயமும் அல்ல. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். நம் மலையில் விழும் மழையில்தான் நாட்டுக்கே வெளிச்சம் போனது. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நம் தாத்தா பாட்டிமார் லயத்தில் குப்பி விளக்கு ஏற்றினார்கள். இன்று வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். பல கம்பனிகள் தொழிற்சாலைக் கூரையில் சோலர் போட்டுவிட்டன. 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில் டவுன் வீடுகள் சேர்ந்தன. இந்திய உதவியில் 5,000 மதத் தலங்களின் கூரைகளுக்குச் சோலர் தரும் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள். நல்லது. கோயில் கூரைக்கு வரக்கூடியது பிள்ளைக் காம்பராவுக்கும் தோட்டப் பாடசாலைக்கும் தோட்ட வைத்தியசாலைக்கும் ஏன் வரக்கூடாது? அங்கெல்லாம் பெற்றரியோடு சோலர் இருந்தால், கரண்ட் போன இரவில் முழுத் தோட்டத்துக்கும் வெளிச்சமுள்ள ஓர் இடமாவது இருக்கும். யாரும் கடன்படவும் தேவையில்லை.

ஆகவே நம் சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டியவை மூன்று என்பது என் கருத்து. ஒன்று, வீட்டோடு காணியும், காணியோடு உறுதியும். இரண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தப் பெயரில் மீட்டரும் தரமான வயரிங்கும். மூன்று, புதிதாகக் கட்டும் வீடுகளின் கூரை சோலர் தாங்கும் பலத்தோடு இருப்பதும், தோட்டத்தின் பொதுக் கட்டடங்களுக்கு அரச செலவில் சோலரும். இந்த வரிசை மாறக்கூடாது. உறுதி இல்லாத கூரைக்குச் சோலர் விற்க வருகிறவர் நம் சேமலாப நிதியைத்தான் பார்க்கிறார்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வந்தார். அவரும் நம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், கொமிஷனுக்கு அலைகிறார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காத தம்பி. ஒறுதி கையில வந்த பெறகு வா, அப்ப பேசுவோம்."

அந்த உறுதி வரும் நாளை அருகில் கொண்டுவருவது நம் வேலை. அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் உங்கள் மின்சார பில்லைக் கையோடு கொண்டு வாருங்கள். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.